பசைக்கு என்ன எண்?

கல்பாக்கத்தை அடுத்துள்ள புதுப்பட்டினத்தின் கடற்கரையில் சற்றே நின்று பாருங்கள். மணலில் ஃபைபர் படகுகள் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். அந்நாளையக் கட்டுமரத்தில் மரங்களைச் சேர்த்துப் பிடித்தது கயிறு. ஃபைபர் படகில் கண்ணாடி இழைகளைச் சேர்த்துப் பிடிப்பது ரெசின் என்னும் செயற்கைப் பிசின். ஊருக்குள் வந்தால், தச்சரிடம் வெள்ளைப் பசை. செருப்புத் தைப்பவரிடம் ரப்பர் பசை. சுவரொட்டி ஒட்டுபவரிடம் வாளி நிறைய மைதாப் பசை. எல்லாம் ஒட்டும் பொருள்களே. அப்படியானால் இவற்றைத் தயாரிக்கும் தொழில்கள் எல்லாம் ஒரே இனந்தானா?

தாவரங்களையும் விலங்குகளையும் அறிவியலார் இனம் பிரிப்பதைப் படித்திருப்பீர்கள். தொழில்களையும் அவ்வாறே இனம் பிரிக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பு 1948-ஆம் ஆண்டில் உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரு தொழில் பட்டியலை வகுத்தது. இந்தியா தன் முதல் பட்டியலை 1962-இல் வெளியிட்டது. பின்னர் 1970, 1987, 1998, 2004, 2008 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. புதிய தொழில்கள் தோன்றத் தோன்றப் பட்டியலும் மாறத்தானே வேண்டும்?

இந்த எண்களைப் படிப்பது கடினமன்று. கல்பாக்கத்தின் அஞ்சல் குறியீட்டு எண் 603102. முதல் இலக்கமான 6 தென்மண்டலத்தைக் காட்டுகிறது. அடுத்தடுத்த இலக்கங்கள் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, ஓர் அஞ்சலகத்தில் நிறுத்துகின்றன. தொழில் எண்ணும் அப்படித்தான். 2008-ஆம் ஆண்டுப் பட்டியலில் பசைத் தயாரிப்பு 2029 என்ற வகுப்பில் உள்ளது. 20 என்றால் வேதிப்பொருள் தொழில். 202 என்றால் அதில் பிற வேதிப்பொருள்கள். 2029 என்றால் வேறெங்கும் சேர்க்கப்படாதவை. வீட்டில் எதற்கும் ஒதுக்காத பொருள்களைப் போட்டு வைக்கும் இழுப்பறை ஒன்று இருக்குமல்லவா? அதைப் போன்றது இது. இதே வகுப்பில்தான் தீப்பெட்டியும் பட்டாசும் உள்ளன! ஐந்தாவது இலக்கம் வந்த பிறகே இவை பிரிகின்றன.

ஆனால் படகுக்கான ரெசினைத் தயாரிக்கும் ஆலை 2029-இல் வராது. அது பிளாஸ்டிக் மூலப்பொருள்களுக்கான 2013-இல் சேரும். மீன்பிடிப் படகு கட்டுமிடத்துக்கு எண் 3011. மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவுப்பொருள் எடுக்கும் ஆலை 1062. அது உணவுத் தொழில். அந்த மாவுப்பொருளை வாங்கிப் பசையாக்கி விற்றால் 2029. ஆக, பொருள் ஒட்டுகிறதா என்பதை மட்டும் பார்த்து எண் தருவதில்லை. அந்தத் தொழிற்கூடம் எதைக்கொண்டு எதைத் தயாரிக்கிறது என்பதைப் பார்க்கிறார்கள். ஒரே கூடத்தில் பல வேலைகள் நடந்தால், முதன்மையான வேலை எதுவோ அதற்குரிய எண்ணே கிடைக்கும்.

எண் தவறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2020 முதல் சிறுதொழில்களை 'உத்யம்' பதிவில் சேர்க்கும்போது இந்த எண்ணைக் கேட்கிறார்கள். பசை செய்பவர் தவறுதலாக 1062 என்று எழுதிவிட்டால், கணக்கில் உணவுத் தொழிலில் ஒன்று கூடும். பசைத் தொழிலில் ஒன்று குறையும். இப்படிப் பலர் எழுதினால், எந்தத் தொழிலில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்ற கணக்கே பிழையாகும். பிழையான கணக்கை வைத்துத் தீட்டும் திட்டம் எப்படிச் சரியாகும்?

சரி, எண் சரியாக இருந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? அதுவும் இல்லை. மாவுப்பொருளை நீரில் கலந்து சூடாக்கினால் அதன் நுண்மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாகும்; பசை தயார். எலும்பு, தோல் இவற்றிலிருந்து செய்யும் வச்சிரம் வேறு வகை. அவற்றிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தை வெந்நீரில் பிரித்தெடுக்க வேண்டும். அப்போது அழுகக்கூடிய கழிவுகள் நிறைந்த நீர் வெளியேறும். இரண்டுக்கும் தொழில் எண் 2029 தான். ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள்: மின்சாரம் அல்லது எரிவாயுவால் சூடாக்கி மாவுப்பொருளைக் கலந்து செய்யும் பசைக்குப் பச்சை நிறம், வச்சிரமும் ஜெலட்டினும் செய்யும் தொழிலுக்குச் சிவப்பு நிறம்! அந்த 2016-ஆம் ஆண்டுப் பட்டியலில் சிவப்பு என்றால் மாசு மதிப்பெண் 60 அல்லது அதற்கு மேல் என்று பொருளாக இருந்தது.

ஒரு பட்டியல், "என்ன செய்கிறாய்?" என்று கேட்கிறது. மற்றொன்று, "அதனால் நீருக்கும் காற்றுக்கும் என்ன ஆகிறது?" என்று கேட்கிறது. கேள்வி மாறினால் வகைப்பாடும் மாறும். புதுப்பட்டினம் போன்ற கடலோர ஊரில் ஒருவர் பசைத் தொழில் தொடங்க நினைத்தால், இரண்டு கேள்விகளுக்குமே அவர் விடை சொல்லியாக வேண்டும்.

இன்று மாலை உங்கள் வீட்டில் ஒட்டப்பட்ட பொருள்கள் பத்தைத் தேடி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள பசை எதிலிருந்து வந்தது என்று கேட்டறியுங்கள். பிறகு நீங்களே அவற்றை வகைப்படுத்துங்கள். உங்கள் நண்பரின் பட்டியல் வேறு விதமாக இருந்தால் சண்டை வேண்டாம். அவர் கேட்ட கேள்வி எது என்று மட்டும் விசாரியுங்கள்!