குண்டு எழுத்தும் நம்ம சூளையும்

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலத்துக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கடை போர்டுகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஃபிளெக்ஸ்தான். நடுவில் எங்காவது ஒரு பழைய தகரப் போர்டு தப்பிப் பிழைத்திருக்கும். பிரஷ்ஷால் எழுதிய, வயிறு பருத்த, முனை உருண்ட எழுத்து; பின்னால் சிவப்பு நிழல். ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படித்துவிடலாம். அதைத்தான் குண்டு எழுத்து என்கிறேன்.

இந்த ஜாதிக்கு உலகப் பிரசித்தமான அண்ணன் ஒருவர் உண்டு. பெயர் கூப்பர் பிளாக். அமெரிக்காவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922-ல் அச்சுக்கு வந்தது. பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) இசைத்தட்டு உறையில் இருப்பது அதுதான். பழைய காலத்துத் தோற்றம் வேண்டுமென்றால் இன்றைக்கும் அதைத் தேடுகிறார்கள். தமிழில் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கிற குண்டு எழுத்துகளில் எனக்குப் பிடித்தது, மும்பை ‘ஏக் டைப்’ குழுவினர் செய்த ‘பலூ தம்பி’. மலையாளத்துக்கு ‘பலூ சேட்டன்’, பஞ்சாபிக்கு ‘பலூ பாஜி’, நமக்குத் தம்பி! காசில்லாமலே கிடைக்கும்.

செராமிக் படிக்கிறவனுக்கு இது எதுக்கு என்று கேட்பீர்கள். கிளேஸுக்கு அடியில் கோபால்ட் நீலத்தில் எழுதுகிறோம். சூளையில் கிளேஸ் உருகும்போது நீலம் ஓரத்தில் கசியும். மெல்லிய கோடு அதிலேயே மங்கிப்போகும். தடித்த கோடு கொஞ்சம் கசிந்தாலும் எழுத்தாகவே நிற்கும். அந்த வகையில் குண்டு எழுத்து நம்ம சூளைக்குத் தோதானது.

ஆனால் சுழியில் ஜாக்கிரதை. ண, இ, ஐ, ஜ இவற்றின் உள்வெளி ஏற்கெனவே சின்னது. தடிமன் கூட்டினால் இன்னும் சுருங்கும்; மிச்சத்தைக் கசிவு அடைத்துவிடும். ‘மண்’ என்று எழுதி உள்ளே வைத்தது, வெளியே வரும்போது ‘மன்’ மாதிரி தெரியும். சூளைக்குப் போய் வந்ததை அழித்து எழுத முடியாதே! சுழிக்குள் கோட்டுத் தடிமனில் பாதியாவது இடம் விடுவது என் கணக்கு. புள்ளியை வட்டமாகப் போடாமல் முழுப் பொட்டாகவே வைத்துவிடலாம்.

பச்சை மண்ணில் குடைந்து எழுதினால் சுருக்கத்தையும் பார்க்கணும். காய்ந்து வெந்து மொத்தம் 12 சதவீதம் சுருங்குகிற மண் என்றால், 50 மி.மீ. எழுத்து 44-க்கு வந்துவிடும். 50 வேண்டுமென்றால் சுமார் 57 மி.மீ. எழுதணும். வெந்த பாண்டத்தின் மேல் டெக்கால் ஒட்டுவதில் இந்தத் தொல்லை கிடையாது. அது 800 டிகிரி அளவில்தான் வேகும், நிறமும் அதிகம் ஓடாது. அதனால்தான் கடையில் வாங்கும் கப்பில் பொடி எழுத்தும் தெளிவாக இருக்கிறது.

வீட்டுப் பெயர்ப்பலகை, ஊறுகாய் ஜாடி, டீக்கடை கப் இதற்கெல்லாம் குண்டு எழுத்து பிரமாதம், இரண்டு மூன்று வார்த்தை வரைக்கும். முழு விலாசத்தையும் அதிலேயே எழுதினால் படிக்கிறவர் கண் வலித்துவிடும்.

இன்னும் பழைய தோற்றம் வேண்டுமா? 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, ணை, ளை, னை நான்குக்கும் முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது. ‘யானை’ என்ற வார்த்தைக்கே தும்பிக்கை உண்டு! சாதாரண கம்ப்யூட்டர் எழுத்தில் அது வராது. கையால் வரைந்து ஸ்டென்சில் வெட்டணும். வெட்டும்போது சுழியின் நடுத்துண்டு கழன்று விழாமல் இருக்க இரண்டு பக்கமும் சின்னப் பாலம் விடுங்கள். நிறம் போட்டு ஸ்டென்சிலை எடுத்த பிறகு, அந்த இடைவெளியை பிரஷ்ஷால் நிரப்பிக்கொள்ளலாம்.