கடல் கடந்து தாதித் தொழிலுக்குப் போகலாமா?

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கமாகச் சூரியன் இறங்கிக்கொண்டிருந்த வேளை. என் பழைய மாணவி ஒருத்தி தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்து, பின்பு தாதியர் கல்லூரியில் மூன்றாண்டுப் பயிற்சியையும் முடித்து, இம்மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறாண்டுகளாகக் கடமையாற்றுபவள். கையில் ஒரு கடித உறை இருந்தது.

“சேர், ஒரு யோசனை கேட்க வந்தோம். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா, வேண்டாமா என்று தெரியவில்லை” என்றாள்.

தாயார் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் நின்று இழுக்கும் வழக்கொன்று என் வீட்டுத் திண்ணைக்கு வந்திருக்கிறது என்பது அப்பொழுதே எனக்கு விளங்கிவிட்டது.

இந்த வழக்கு ஒரு வீட்டின் வழக்கன்று. 2022ஆம் ஆண்டுக்குப் பின் நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி எழுந்திருக்கிறது. ஆகையால் அன்று அவர்களுடன் பேசியவற்றை வாசகர்களுடனும் பகிர்ந்துகொள்ளலாம் என எண்ணுகிறேன்.

முதலில் காலத்தின் நிலையைச் சிந்திப்போம். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய இருநூறு ரூபாயாக இருந்த ஒரு டொலரின் விலை, மே மாதத்தில் முந்நூற்றறுபது ரூபாயளவுக்கு உயர்ந்தது. ஏப்ரல் 12ஆந் தேதி அரசாங்கம் பிறநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மியது. மாதச் சம்பளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் கையிலிருந்த காசு பாதியாகச் சுருங்கிப் போயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், அரச ஊழியர்கள் மூப்புரிமையும் ஓய்வூதியமும் கெடாதவாறு ஐந்தாண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாடு செல்லலாம் என்று சுற்றறிக்கை வெளிவந்தது. வாசற் கதவை அரசே திறந்துவிட்டதென்று பலர் கருதியதில் வியப்பில்லை.

அக்கரையிலிருந்தும் அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. உலகத்தில் 2023ஆம் ஆண்டில் 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருந்தனர் என்றும், அதன் பின்னும் 58 இலட்சம் பேர் போதாமல் இருந்தனர் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. தாதியருள் ஏழு பேருக்கு ஒருவர் தாம் பிறந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டில் தொழில் புரிகிறார். செல்வ நாடுகளில் முதியோர் தொகை பெருகுகிறது. அவர்களைப் பராமரிக்க இளையோர் போதவில்லை. இது புதிதுமன்று. இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆந் தேதி தேசிய சுகாதார சேவை ஆரம்பமான காலந்தொட்டே மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் சென்ற பெண்கள் அங்குள்ள ஆஸ்பத்திரிகளைத் தாங்கி வந்திருக்கின்றனர். கேரள நாட்டுத் தாதியர் பரவாத தேசம் எது?

ஆயினும் மட்டக்களப்பில் இக்கேள்விக்குத் தனியானதொரு கனம் உண்டு. பிற ஊர்களில் மகள் மணமாகிக் கணவன் வீட்டுக்குப் போகிறாள். நம் பகுதியிலோ மருமகன் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். வீடு மகளுக்கே சீதனமாகச் சேர்கிறது; குடியும் தாய் வழியாகவே வருகிறது. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, இளையவளுக்கு வேறொரு வீடு கட்டத் தாய் தகப்பன் ஆயுள் முழுவதும் உழைக்கின்றனர். இங்கே மகள் என்பவள் வீட்டின் ஆணிவேர். மகன் கடல் கடந்தால் வீட்டில் ஓர் ஆள் குறையும். மகள் கடல் கடந்தால் வீடே யாருக்கு என்ற கேள்வி பிறக்கும். அந்தத் தாயார் வாய் திறவாமல் இருந்ததன் காரணம் இதுவேயாகும்.

மகளுடைய நியாயத்தையும் கேட்கவேண்டும். “தங்கச்சிக்கு இன்னும் வீடு கட்டவில்லை, சேர். அப்பாவுக்கு இனி வள்ளம் வலிக்க முடியாது. என் சம்பளம் மாதம் முடியுமுன் முடிந்துபோகிறது. நான் போனால் ஐந்து வருஷத்தில் எல்லாவற்றையும் நிமிர்த்திவிடலாம்” என்றாள். இதில் ஆசை எங்கே இருக்கிறது? வீட்டைத் தாங்கவே அவள் வீட்டை விட்டுப் போக எண்ணுகிறாள்.

அப்படியாயின் ஊரின் நியாயம் என்ன? அதையும் நான் அவளிடம் மறைக்கவில்லை. முன்பு மண்முனைத் துறையில் பாதையேறித்தான் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்தார்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டு பாதை வரும்வரை காத்திருந்த இரவுகளை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. வழி திறந்தது, ஆனால் அந்தப் பாலத்தைக் கடந்து வரும் கர்ப்பிணிக்கு, விடுதியில் நின்று அவள் மொழியிலேயே “பயப்படாதே புள்ள” என்று சொல்ல ஒரு தாதி வேண்டாமா? அநுபவம் வாய்ந்த ஒருத்தி போனால், மறுநாள் அவ்விடத்துக்கு இன்னொருத்தி வந்துவிடுவதில்லை. எஞ்சியிருப்பவர்களே அவளுடைய இரவுக் கடமையையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். மேலும், 1945 தொடங்கி இந்நாட்டில் கல்வி இலவசம். அவளுடைய பள்ளிப் படிப்புக்கும் தாதிப் பயிற்சிக்கும் செலவு செய்தது, வயலில் நிற்கும் விவசாயியும் வாவியில் வலை வீசும் மீனவனும் கொடுத்த வரிப்பணமே.

இதைக் கேட்டு அவள் தலை குனிந்தாள். உடனே நான் மற்றொன்றையும் சொன்னேன். இந்தக் கடன் மெய்யான கடன்தான். ஆனால் அதை ஒரு பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றுவது தர்மமன்று. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, சுகாதார ஊழியரைப் பிறநாடுகளிலிருந்து சேர்ப்பது பற்றி ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றுக்கொண்டது. ஊழியர் பற்றாக்குறையால் தவிக்கும் நாடுகளிலிருந்து வலிந்து ஆள் சேர்த்தலாகாது என்பது அதன் முக்கிய விதிகளுள் ஒன்று. ஆனால் தனி மனிதர் தம் நாட்டை விட்டுச் செல்லும் உரிமையை அக்கோவை தடுக்கவில்லை. பொறுப்பு அரசாங்கங்களைச் சேர்ந்தது. இங்குள்ள தாதிக்கு வாழத்தக்க ஊதியம் கொடுப்பதும் போதிய ஆட்களைப் பயிற்றுவதும் அவற்றின் கடமை. அதைச் செய்யாமல், போகிறவளை மட்டும் நன்றி கெட்டவள் என்று ஏசுவது எளிது, நியாயமாகாது.

இவ்வளவும் பேசிய பின்புதான் அந்தக் கடிதத்தை வாங்கி வாசித்தேன். மூன்று பக்கம். ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. இரண்டு முறை வாசித்துவிட்டுக் கேட்டேன்: “மகள், இதில் ‘தாதி’ என்ற சொல் எங்கே இருக்கிறது?”

அவள் வாங்கிப் பார்த்தாள். பக்கங்களைப் புரட்டினாள். முகம் மாறிற்று. முதியோர் இல்லத்தில் “பராமரிப்பு உதவியாளர்” என்றே அதில் எழுதியிருந்தது. அங்கே போனபின் தாதியாக மாறலாம் என்று தரகர் வாயால் சொன்னாராம். எழுத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. அதற்காக அவர் கேட்ட தொகையைத் திரட்ட, தாயார் இருக்கும் வீட்டையே ஈடு வைக்க ஏற்பாடாகியிருந்தது. அந்த அம்மையார் அதற்கும் சம்மதித்திருந்தார். மகளுக்குச் சீதனமாகும் வீடு, மகளைப் பிரிவதற்கு ஈடாகப் போகவிருந்தது!

வாசகர்கள் இதைக் கவனித்தல் வேண்டும். முதியோரைப் பராமரிப்பதும் மேன்மையான தொழிலே. ஆனால் பதிவு பெற்ற தாதிக்கும் பராமரிப்பு உதவியாளருக்கும் சம்பளத்திலும், உரிமையிலும், முன்னேற்றத்திலும் மிகுந்த வேறுபாடு உண்டு. விசா விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. இங்கிலாந்து 2025ஆம் ஆண்டு ஜூலை 22ஆந் தேதி முதல் பராமரிப்பு ஊழியரை வெளிநாட்டிலிருந்து புதிதாகச் சேர்க்கும் வழியை மூடிவிட்டது. தாதியருக்கு வழி இருந்தாலும், அங்கு புதிதாகப் பதிவாகும் வெளிநாட்டுத் தாதியரின் தொகையும் 2024இலிருந்து கணிசமாகக் குறைந்திருக்கிறது. நேற்றுப் போன தோழியின் கதையை வைத்து இன்று நாம் பெட்டி கட்டலாகாது.

தாதியாகவே போவதற்கு வழி யாது? இங்கிலாந்தில் பதிவு பெற விரும்புகிறவர் தம் ஆங்கில அறிவை நிரூபிக்கவேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 புள்ளியும், எழுத்தில் 6.5 புள்ளியும் வேண்டும். சுகாதாரத் தொழிலாளருக்கென்றே உள்ள ஓ.ஈ.ரி. பரீட்சையையும் ஏற்கின்றனர். அதன்பின் கணினியில் எழுதும் ஒரு பரீட்சை. அங்கே சென்றபின் செய்முறைப் பரீட்சை ஒன்று. ஜேர்மனியில் முழு அங்கீகாரத்துக்கு ஜேர்மன் மொழியில் பொதுவாகப் பி-2 என்னும் படியை எட்டவேண்டும். நம் பயிற்சியில் குறைவு கண்டால் அங்கே மேலதிகப் பயிற்சியும் கேட்பார்கள். வளைகுடா நாடுகளில் சான்றிதழ்களை அவை வழங்கப்பட்ட இடத்திலேயே விசாரித்து உறுதி செய்து, தகுதிப் பரீட்சையும் வைக்கின்றனர். இவை எல்லாவற்றுக்கும் காலமும் படிப்பும் வேண்டும். தரகருக்குக் கொடுக்கும் பணம் இவற்றுக்கு மாற்றாகாது. இங்கிலாந்தின் ஆள்சேர்ப்பு ஒழுக்கக் கோவையின்படி, வேலை தேடித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் கட்டணம் வாங்குதல் கூடாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நமக்கு இருக்கிறது. முகவருக்கு உரிமம் உண்டா, அந்த வேலைக்கு அநுமதி உண்டா என்பதைப் பணம் கொடுக்குமுன் அங்கே விசாரிக்கலாம். கொடுத்தபின் விசாரிப்பது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதாகும்.

கடன் பட்டுப் போவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2014இல் ஈராக் நாட்டுத் திக்ரித் நகரத்தில் போர் மூண்டபொழுது, அங்குள்ள ஆஸ்பத்திரியில் இந்தியத் தாதியர் 46 பேர் அகப்பட்டுக்கொண்டனர். பெரும்பாலோர் கேரளத்தவர். உயிர் ஆபத்தின் நடுவிலும் வெறுங்கையுடன் திரும்பிப் போகப் பலர் தயங்கினர். ஊரில் கடன் காத்திருந்தது, அங்கே சம்பளம் பாக்கி இருந்தது. அவ்வாண்டு ஜூலை 5ஆந் தேதி அவர்கள் கொச்சியில் வந்து இறங்கியபொழுது நாடே பெருமூச்சு விட்டது. கடனாளி திரும்பி வரும் உரிமையையும் அடகு வைத்துவிட்டே போகிறான் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இவற்றைப் பேசி முடிக்கும்பொழுது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. நான் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அது என் உரிமையன்று. நான்கு கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நீ போவது தாதியாகவா? வீட்டை ஈடு வையாமல் போக முடியுமா? தற்போதுள்ள விடுமுறை விதிகளின்படி, திரும்பி வந்தால் உன் உத்தியோகம் உனக்கு இருக்குமா? நீ இல்லாத காலத்தில் தாய் தகப்பனுக்கு நோய் வந்தால் ஓடி வருகிறவர் யார்? இவை நான்குக்கும் விடை எழுதக்கூடுமானால் துணிந்து போகலாம். ஒன்றுக்கேனும் விடை இல்லையானால், அதைத் தேடும்வரை பொறுத்திருப்பது கோழைத்தனமன்று.

நெடுநேரம் மௌனமாயிருந்த தாயார் அப்பொழுதுதான் வாய் திறந்தார். “போகட்டும் ஐயா. படித்த பிள்ளையை நான் கட்டிவைக்க மாட்டேன். ஆனால் வேலைக்காரியாகப் போக வேண்டாம். படித்த படிப்போடு போகட்டும். திரும்பி வர அவளுக்கு ஒரு வீடு வேண்டும். அதை விற்றுப் போட்டுப் போனால் எங்கே வருவாள்?”

நான் ஒரு மணி நேரம் விரித்துச் சொன்னதை அந்த அம்மையார் நான்கு வார்த்தையில் சொல்லிவிட்டார்.

சில வாரங்களின் பின் அவளை ஆஸ்பத்திரி வாசலில் கண்டேன். இரவுக் கடமை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். கண்களில் உறக்கம், கைப்பையில் ஆங்கிலப் பரீட்சைப் புத்தகம். தரகரின் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லை என்றாள். இரண்டு வருஷம் படித்துப் பரீட்சை எழுதுவது. திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியியல் பட்டப் படிப்புக்கும் விண்ணப்பிப்பது. பின்பு போவதா நிற்பதா என்று தீர்மானிப்பது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறதாம். “அதற்குள் இங்கேயே சம்பளம் கூடிவிட்டால் போகமாட்டேன், சேர்” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் நாடாளுகிறவர்கள். நம் போன்றோருடைய கடமை ஒன்றுண்டு. கடல் கடக்க நினைக்கும் பிள்ளையை ஏசாமலும், கண்மூடி வழியனுப்பாமலும், அவளுடன் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு முறை வாசிக்கவேண்டும். வாவியில் வள்ளம் விடுகிறவன் கரையை விட்டுப் புறப்படுமுன் காற்றைப் பார்க்கிறான், ஓட்டை உண்டா என்று வள்ளத்தைப் பார்க்கிறான், திரும்பும் துறையையும் மனத்தில் குறித்துக்கொள்கிறான். சிறு வாவியைக் கடப்பதற்கே இத்தனை கவனமென்றால், பெருங்கடலைக் கடக்கும் பிள்ளைக்கு எத்தனை கவனம் வேண்டும்!