மாருதி 800 எஞ்சின் டிரைவர் முதுகுக்குப் பின்னால போன கதை

நெல்லை ஜங்ஷன் பக்கம் கொஞ்ச நேரம் நின்னா ஒரு ஆம்னி வேனாவது கண்ணுல படாம போகாது. ஸ்கூல் பிள்ளைகளை ஏத்திட்டுப் போகும், இல்லன்னா குற்றாலம் சீசனுக்கு ஆளைத் திணிச்சுக்கிட்டுப் போகும். அதோட முன் சீட்டுக்கு அடியில இருக்குறது 796 சிசி, மூணு சிலிண்டர் எஞ்சின். மாருதி 800 கார்ல வந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான்.

இப்ப ஒரு விஷயம் சொல்றேன், யோசிச்சுப் பாருங்க. ஃபார்முலா 1 கிராண்ட் பிரீயில கார் ஓட்டின இந்தியர்கள் இதுவரைக்கும் ரெண்டே பேர்: நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக். ரெண்டு பேருமே தமிழ்நாடு. ரெண்டு பேரும் ஆரம்ப காலத்துல ஓட்டின ரேஸ் காருக்குள்ள இருந்தது இந்த 796 சிசி எஞ்சின்தான். அந்தக் காருக்குப் பேரு ஃபார்முலா மாருதி. அதை உருவாக்கினவர் கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவர்தன்.

நாற்பது குதிரைத்திறன் கூட இல்லாத ஒரு குடும்பக் கார் எஞ்சினை வச்சு எப்படி ரேஸ் கார் செய்ய முடியும்? பதிலுக்கு முதல்ல இங்கிலாந்து வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரணும்.

குதிரை முன்னாலயா, பின்னாலயா?

1950கள்ல கிராண்ட் பிரீ கார்னாலே எஞ்சின் முன்னால, டிரைவர் பின்னால. 1957-ல ஃபாஞ்சியோ உலக சாம்பியன் ஆன மசராட்டி 250எஃப் அப்படித்தான். முன்னால இருக்குற எஞ்சினோட சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக நீளமா ஒரு ஷாஃப்ட் வேணும். அது டிரைவருக்கு அடியிலயோ பக்கத்துலயோ போயாகணும். அதனால சீட்டு உயரும், காரும் உயரும், காத்தும் கூடுதலா எதிர்க்கும்.

எஞ்சினைப் பின்னால வைக்கிறது புது யோசனை இல்ல. 1930கள்லயே ஜெர்மனியோட ஆட்டோ யூனியன் 16 சிலிண்டர் எஞ்சினை டிரைவருக்குப் பின்னால வச்சு ஜெயிச்சிருக்கு. ஆனா போருக்குப் பிறகு அந்த வழியில யாரும் பெருசா போகல. திரும்ப அதைக் கொண்டுவந்தது பெரிய கம்பெனி எதுவும் இல்ல. சர்பிட்டன்ல கராஜ் வச்சிருந்த சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர்னு ஒரு அப்பாவும் மகனும்.

1946-ல கையில காசு கம்மி. ஃபியட் டோபோலினோங்கிற சின்னக் காரோட முன்பக்கம் ரெண்டை எடுத்து, ஒண்ணை முன்னாலயும் இன்னொண்ணைப் பின்னாலயும் வச்சு ஒரு சட்டகம் செஞ்சாங்க. எஞ்சினுக்கு 500 சிசி ஜேஏபி மோட்டார் சைக்கிள் எஞ்சின். பைக் எஞ்சின்னா செயின்தான். செயின் நீளமா போகக் கூடாது, அதனால எஞ்சின் பின் சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கணும். எஞ்சின் டிரைவருக்குப் பின்னால போனதுக்குக் காரணம் அவ்வளவுதான்!

ஆனா ஓட்டிப் பாத்தா கார் சின்னதா, லேசா, வளைவுல சொன்ன பேச்சு கேக்குறதா இருந்துச்சு. அதே அமைப்பைப் பெருசாக்கிக்கிட்டே வந்தாங்க. 1958 ஜனவரியில அர்ஜென்டினா கிராண்ட் பிரீ. 2 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான எஞ்சின் வச்ச கூப்பர்ல ஸ்டிர்லிங் மாஸ். எதிர்ல 2.4 லிட்டர் ஃபெராரி, 2.5 லிட்டர் மசராட்டி. மாஸ் ஒரு தடவை கூட டயர் மாத்த நிக்காம ஓட்டி ஜெயிச்சுட்டார். லேசான கார் டயரை அவ்வளவா தின்னாது, அதான் ரகசியம். 1959, 1960 ரெண்டு வருஷமும் கூப்பர்ல ஜாக் பிராபம் உலக சாம்பியன். அந்த எஞ்சினைச் செஞ்ச கவென்ட்ரி கிளைமாக்ஸ், தீயணைப்பு பம்புக்கு எஞ்சின் செஞ்ச கம்பெனி. 1960 இத்தாலி கிராண்ட் பிரீதான் முன் எஞ்சின் காருக்குக் கடைசி வெற்றி.

சோழவரத்துல இருந்து கோயம்புத்தூருக்கு

இனி நம்ம ஊருக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு சென்னைக்கு வடக்க சோழவரத்துல இருந்துச்சு. 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் ரேஸ் நடத்துச்சு. 1980கள்ல அங்க விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா 1 கார் ஒண்ணைக் கூட ஓட்டியிருக்கார். ஆனா அந்த மாதிரிக் காரை இறக்குமதி பண்ண எத்தனை பேரால முடியும்? மத்தவங்க சாலையில ஓடுற காரைப் பிரிச்சு மேய்ஞ்சு, கையில கிடைச்சதை வச்சு ஓட்டணும். காசு உள்ளவர் ஒரு கார்ல, இல்லாதவர் இன்னொரு கார்ல. இதுல யாரு நல்ல டிரைவர்னு எப்படிக் கண்டுபிடிக்க?

கரிவர்தன் லட்சுமி மில்ஸ் குடும்பத்துல பிறந்தவர். அவரே ரேஸ் ஓட்டுறவர், காரும் செய்றவர். அவர் நினைச்சிருந்தா தனக்கு மட்டும் ஒரு நல்ல கார் வாங்கிட்டுப் போயிருக்கலாம். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரே எஞ்சின், உதிரி பாகம் எந்த ஊர்லயும் கிடைக்கிற ஒரு ஒற்றை இருக்கை காரை வடிவமைச்சார். 1988-ல ஃபார்முலா மாருதி பிறந்துச்சு.

மாருதி 800 முன் சக்கர இழுவைக் கார். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூணும் ஒரே கட்டா, குறுக்குவாட்டுல, முன்னால உக்காந்திருக்கும். அந்த மொத்தக் கட்டையும் அப்படியே தூக்கி டிரைவருக்குப் பின்னால வச்சா? முன் சக்கர இழுவை பின் சக்கர இழுவையா மாறிடும். நீள ஷாஃப்ட் தேவையே இல்ல. இரும்புக் குழாய்ச் சட்டகம், மேல ஃபைபர் உடல். கூப்பர் செயினை வச்சு வந்து சேர்ந்த அதே இடம்!

கணக்கு என்ன சொல்லுது?

சும்மா ஒரு மாதிரிக்கு எண்கள் வச்சுக்கிடுவோம். டிரைவரோட சேத்து கார் 500 கிலோ, சக்தி 37 குதிரைத்திறன். அதாவது சுமார் 27.6 கிலோவாட். மணிக்கு 100 கிலோமீட்டர்னா நொடிக்கு 27.8 மீட்டர். சக்தியை வேகத்தால வகுத்தா தள்ளு விசை சுமார் 1000 நியூட்டன். எடையில 60 சதவீதம் பின் சக்கரத்துல இருந்தா 300 கிலோ. உராய்வுக் கெழு 1-னு எடுத்தா டயர் தாங்கக்கூடியது சுமார் 3000 நியூட்டன்.

பாத்தீங்களா? அந்த வேகத்துல எஞ்சின் குடுக்குறதை மாதிரி மூணு மடங்கு டயர் தாங்கும். 'பின்னால வெயிட் இருந்தா டயர் வழுக்காது'ங்கிற வழக்கமான விளக்கம் இந்தக் காருக்குப் பெருசாப் பொருந்தாது. அப்ப லாபம் எங்க?

ஒண்ணு, டிரைவர் தரையோட ஒட்டிப் படுத்த மாதிரி உக்காரலாம். காத்து எதிர்ப்பு குறையும். சக்தி குறைஞ்ச காருக்கு இது ரொம்பப் பெரிய லாபம்.

ரெண்டு, முன் டயருக்குத் திருப்புற வேலையும் பிரேக்குல பங்கும் மட்டும்தான். இழுக்குற வேலை இல்ல.

மூணு, திரும்புற சுலபம். தாமிரபரணியில தண்ணி எடுத்துக் கம்பு நுனி ரெண்டுலயும் குடத்தைக் கட்டித் தோள்ல வச்சுட்டுச் சட்டுனு திரும்பிப் பாருங்க, உடம்பு திரும்பினாலும் குடம் வராது. அதே ரெண்டு குடத்தையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டா சுலபமாத் திரும்பலாம். கனமான எஞ்சினும் டிரைவரும் ரெண்டு அச்சுக்கும் நடுவுல நெருங்கி இருந்தா காரும் அப்படித்தான் திரும்பும். முதல் வருஷம் மெக்கானிக்ஸ்ல மனப்பாடம் பண்ணின நிலைமத் திருப்புத்திறன் இதுதான்.

இந்தக் கணக்குல இன்னொரு பாடமும் இருக்கு. 1000 நியூட்டனை 500 கிலோவால வகுத்தா முடுக்கம் நொடிக்கு நொடி 2 மீட்டர்தான், அதுவும் காத்து எதிர்ப்பைக் கழிக்காம. வளைவுல ஒரு தடவை வேகத்தை விட்டா நேர்ப்பாதையில அதைத் திரும்பப் பிடிக்க ரொம்ப நேரம் ஆகும். எல்லாருக்கும் ஒரே கார்ங்கிறதால எஞ்சின் மேல பழியும் போட முடியாது. ஓட்டுறவனோட கை சுத்தமா இருக்கணும்.

பாடம் படிச்ச பிள்ளைகள்

இருங்காட்டுக்கோட்டையில சுமார் 3.7 கிலோமீட்டர் நீள நிரந்தர ரேஸ் பாதை 1990-ல வந்துச்சு. அங்க 1992-ல, பதினஞ்சு வயசுல, ஃபார்முலா மாருதி ஓட்டின பையன் நரேன். 2005-ல ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1. அந்த வருஷம் அமெரிக்க கிராண்ட் பிரீயில டயர் பிரச்சினையால 14 கார் விலகி ஆறு கார்தான் ஓடுச்சு. அதுல நாலாவதா வந்து 5 புள்ளி எடுத்தார். கருண் சந்தோக் 2010-ல ஹெச்ஆர்டி அணியில ஓட்டினார்.

கரிவர்தன் இதைப் பாக்கல. 1995-ல விமான விபத்துல இறந்துட்டார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல 2003-ல திறந்த ரேஸ் பாதைக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு அவர் பேருதான்.

நம்மள மாதிரி இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே செஞ்ச காரோட போட்டி போடுற ஃபார்முலா பாரத் நடக்குறதும் அதே பாதையிலதான். அந்தப் போட்டியில எஞ்சின் 710 சிசியைத் தாண்டக் கூடாது. அதனால மாருதி 796-க்கு அனுமதி கிடையாது! நிறைய டீம் பைக் எஞ்சினை எடுத்துப் பின்னால வச்சுச் செயின் போடுறாங்க. 1946-ல கூப்பர் செஞ்சது அப்படியே.

நம்ம காலேஜ்லயும் டீம் ஆரம்பிக்கணும்னு பேச்சு வந்தா முதல் கேள்வி 'எந்த எஞ்சின் வாங்கலாம்'னுதான் வரும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. தரையில சாக்பீஸால காரை முழு அளவுல வரைஞ்சு, டிரைவரை அதுல உக்கார வச்சு, எஞ்சின், டேங்க், பேட்டரி எங்க வரும்னு குறிங்க. ஒவ்வொண்ணோட எடையையும் தூரத்தையும் எழுதிக் கூட்டுங்க. அதுக்கு ஒரு சாயங்காலமும் ஒரு கால்குலேட்டரும் போதும், ஸ்பான்சர் தேவையில்ல.