‘வயசுக்கு ஏற்ற பிரஷர்’ என்று ஒன்று உண்டா?

1945 ஏப்ரல் 12. ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில், தன் உருவப்படத்துக்காக ஓவியர் முன் அமர்ந்திருந்த அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தலையின் பின்பக்கம் தாங்க முடியாமல் வலிப்பதாகச் சொன்னார். சற்று நேரத்தில் நினைவிழந்தார். ஓடிவந்த இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயென் குறித்துக்கொண்ட ரத்த அழுத்தம் 300/190. மூளையில் ரத்தக் கசிவு. அன்று மாலைக்குள் உயிர் பிரிந்தது. வயது 63.

அந்த எண் ஒரே நாளில் ஏறியதல்ல. 1935இல் அவருக்கு 136/78. அப்போது வயது 53. இரண்டே ஆண்டுகளில் 162/98 ஆனது, 1941இல் 188/105. அதிபரின் மருத்துவராக இருந்த ராஸ் மெக்கின்டைர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். அதிபர் நலமாக இருக்கிறார் என்றே அவர் சொல்லிவந்தார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. வயது கூடினால் அழுத்தமும் கூடத்தான் செய்யும், சுருங்கிய குழாய்களில் ரத்தத்தைத் தள்ள அது தேவையும்கூட என்று அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை உடையத் தொடங்கியது 1948இல். மாசசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க ஆரம்பித்தார்கள். யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்குப் பக்கவாதம் வந்தது, அதற்கு முன் அவர்களுடைய அளவு என்ன என்று பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்ததில், நடுவயதுப் பிரஷர் முதுமையின் இதயத்தைத் தீர்மானிப்பது தெரிந்தது. அங்கே பிற்காலத்தில் இதயச் செயலிழப்பு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, அதற்கு முன்பே உயர் ரத்த அழுத்தம் இருந்தது.

காரணம் எளிது. அழுத்தம் கூடக்கூட இதயத்தின் இடது கீழறை அதிகப் பளுவை இழுக்கிறது. அதன் சுவர் தடிக்கிறது, விறைக்கிறது, ஒரு கட்டத்தில் சோர்ந்துபோகிறது. தமனிகளும் நெகிழ்வை இழக்கின்றன. இத்தனையும் நடக்கும்போது பெரும்பாலோருக்குத் தலைவலிகூட வராது.

சுமார் 10 லட்சம் பேரின் தகவல்களைத் தொகுத்து 2002இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு இன்னும் துல்லியமாகச் சொன்னது: 40 முதல் 69 வயது வரை, மேல் அளவு 115க்கு மேல் 20 புள்ளி கூடும்போதெல்லாம் இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 139 வரை கவலையில்லை, 140இல் ஆபத்து என்ற கோடு உடலுக்குள் கிடையாது.

அறுபதைத் தாண்டியவர்கள், ‘இனிமேல் என்ன’ என்று விட்டுவிடவும் வேண்டாம். மேல் அளவு மட்டும் கூடியிருந்த 60 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடந்து, 1991இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், மாத்திரை எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது.

எண் சரியாக இருக்க வேண்டுமானால் அளப்பதும் சரியாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில், இதயத்தின் உயரத்தில் வைத்துச் சுற்ற வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் குறித்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டலாம்.