ஊர் பார்க்கும் முன் டிக்கெட்டைப் பாருங்கள்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வெளிநாடு போகிறவர்களில் பெரும்பாலோர் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறுகிறார்கள். அங்கிருந்து வளைகுடா நகரங்களுக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் நேரடி விமானம் உண்டு. அதற்கு அப்பால் போக வேண்டுமானால் வழியில் இறங்கி ஏற வேண்டும். ஆஸ்திரேலியாவில் படிக்கப் போகும் பிள்ளை, லண்டனில் மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர், கப்பல் வேலைக்குச் சேரப் போகும் இளைஞர் எல்லோருக்கும் நடுவில் ஆறு மணி, எட்டு மணி, சில வேளை அரை நாள் காத்திருப்பு வாய்க்கிறது. அந்த நேரத்தில் வழிகாட்டியோடு ஊரைச் சுற்றிக்காட்ட ஏற்பாடுகள் இருக்கின்றன. வாழ்நாளில் ஒருமுறை கடந்துபோகும் நகரத்தைக் கண்ணாடிச் சுவருக்கு உள்ளிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் போவானேன் என்று தோன்றுவது நியாயமான ஆசை. ஆனால் வெளியே போகலாமா என்பதை நாம் மணிக்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்கிறோம். அடுத்த விமானம் தவறினால் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடை டிக்கெட்டில் இருக்கிறது.

மணிக்கணக்கையும் சரியாகவே போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர் சாங்கி நிலையத்தில் இடைமாறும் பயணிகளுக்கான இலவச நகர் உலா 1987 முதல் நடக்கிறது. உலா சுமார் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் அதில் சேர, இரண்டு விமானங்களுக்கும் நடுவே குறைந்தது ஐந்தரை மணி நேரம் இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள்ளும் இருக்க வேண்டும். துருக்கி விமான நிறுவனம் இஸ்தான்புல்லில் நடத்தும் இலவச உலாவுக்கு ஆறு மணி நேர இடைவெளி கேட்கிறார்கள். பல பத்தாண்டு அனுபவம் உள்ள சாங்கியே, சுற்றிப்பார்க்கும் நேரத்தைவிட அதிக நேரத்தைச் சுற்றாமல் இருப்பதற்காக ஒதுக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குடிநுழைவு வரிசை, பேருந்தில் ஏற்றி ஆள் எண்ணுவது, திரும்பி வந்தபின் மறுபடி பாதுகாப்புச் சோதனை, முனையம் விட்டு முனையம் மாறுவது எல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். டிக்கெட்டில் இருப்பது விமானம் கிளம்பும் நேரம். கேட் அதற்கு முன்பே மூடிவிடும். அதுவும் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதை மறந்து ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து நடந்தால், கணக்கு முழுவதும் பாழ்.

இனி டிக்கெட். திருவனந்தபுரத்திலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக இருந்து, முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் அனுப்பிவைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. விமானம் ரத்தாகும்போது தர வேண்டிய இழப்பீடு பற்றிய இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியும், தவறிய இணைப்பு விமானம் ஒரே டிக்கெட் எண்ணில் இருந்ததா என்றுதான் பார்க்கிறது. இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. முதல் விமானம் எதனால் தாமதித்தாலும் இரண்டாம் நிறுவனத்துக்கு நாம் வராத பயணிதான். பல வேளைகளில் லக்கேஜும் கடைசி ஊர் வரை போகாது; குடிநுழைவைக் கடந்து வெளியே வந்து எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அப்போது ஊர் சுற்றாவிட்டாலும் விசா வேண்டியிருக்கும். ஆனால் ஒரே டிக்கெட்டும் எல்லாவற்றுக்கும் காப்பு ஆகாது. நாமாக வெளியே போய்த் தாமதமாக வந்தால் அது நம் பொறுப்பே. நாம் ஏறாவிட்டால் நம் பெட்டியை இறக்கிவிடுவார்கள். மீதிப் பயணம், திரும்பி வரும் டிக்கெட் உட்பட, ரத்தாகக்கூடும். பயணக் காப்பீட்டில் இணைப்பு விமானம் தவறுவதற்கு இழப்பீடு இருந்தாலும், பெரும்பாலான பாலிசிகள் விமானத் தாமதத்துக்கே தரும், சுற்றப்போனதற்குத் தராது.

தனித்தனியாக எடுத்தால் ஆயிரக்கணக்கில் மிச்சமாகிறதே, கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் குடும்பம் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இரண்டு டிக்கெட்டுக்கு நடுவிலுள்ள எட்டு மணி நேரம் ஓய்வு நேரம் ஆகாது. முதல் விமானம் தாமதித்தால் தாங்கிக்கொள்ள நாமே வைத்துக்கொண்ட கையிருப்பு. அதை ஊர் சுற்றிச் செலவழித்துவிட்டால் மிச்சம் பிடித்த பணத்தைப்போலப் பல மடங்கு புது டிக்கெட்டுக்குப் போகும். அதைவிட வருத்தம், பலருக்குத் தம்மிடம் இருப்பது இரண்டு டிக்கெட் என்பதே தெரியாது. டிராவல்ஸில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். முன்பதிவு எண் ஒன்றா இரண்டா, பெட்டி எந்த ஊர் வரை போகும் என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது பயணியின் உரிமை.

விசா விஷயத்தில் சுருக்கமாகச் சொல்ல வேண்டியது ஒன்றே. உலாவில் இடம் கிடைத்தது என்பதால் நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடைத்ததாகிவிடாது. ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளின் செல்லத்தக்க விசா வைத்திருக்கும் இந்தியர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சிங்கப்பூரில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்கலாம். மெல்போர்னுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு இது கிடைக்கலாம். பாலிக்குச் சுற்றுலா போகிறவருக்கு, அந்த விசாக்களில் ஒன்றும் இல்லையென்றால், கிடைக்காது. அமீரகம் இடைப்பயணிகளுக்கு 48 மணி நேர விசாவைக் கட்டணமின்றித் தருகிறது. ஆனால் அந்நாட்டு விமான நிறுவனம் வழியாகப் பயணத்துக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுபவை என்பதால் அந்தந்த அரசின் தளத்தில் கிளம்பும் வாரம் பார்த்துக்கொள்வது நல்லது.

விமான நிலையமே நடத்தும் உலாதானே, தாமதமானால் அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்களா என்பது அடுத்த கேள்வி. நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவசமாகத் தரப்படும் சேவையைச் சேவை என்ற வரையறைக்குள்ளேயே கொண்டுவரவில்லை. ஆகவே இலவச உலாவில் நேர்ந்த இழப்புக்கு இங்கே வழக்காடுவது கடினம். கட்டணம் செலுத்தினால் நிலை வேறு. எத்தனை மணிக்குத் திரும்பக் கொண்டுவிடுவோம் என்று எழுத்தில் சொல்லும் நிறுவனம், தவறினால் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

இதே கேள்வி நம் ஊர் வண்டிகளுக்கும் பொருந்தும். திருவனந்தபுரத்தில் ஒரு பகல் காத்திருக்க நேரும் வெளியூர்க்காரர்களைப் பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம், கன்னியாகுமரி என்று அழைத்து வருவது எளிதான பயணம்போலத் தெரியும். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசை நீளும். கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ காற்று கூடினாலோ படகையே நிறுத்திவிடுவார்கள். திரும்பும் வழியில் மார்த்தாண்டம், பாலராமபுரம் நெரிசல் காத்திருக்கும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து வெள்ளை போர்டு வண்டி. சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால், அனுமதியில்லாமல் வாடகைக்கு ஓட்டினார்கள் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க அந்தச் சட்டமே இடம் தருகிறது. சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காக அந்த வண்டியில் யாரும் ஏறக் கூடாது.

ஏமாந்துவிட்டால் வழி இருக்கிறது. பயணம் செய்யாமல் போன டிக்கெட்டிலும், பணம் திரும்பக் கிடைக்காது என்று அச்சிட்டிருந்தாலும், வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் இந்திய விமான நிறுவனங்கள் திருப்பித்தர வேண்டும் என்பது இயக்குநரக விதி. பலர் இதைக் கேட்பதே இல்லை. விமான நிறுவனம் மீதான புகாரை மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், டிராவல்ஸ் அல்லது உலா நிறுவனம் மீதான புகாரை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். இணையத்தில் விற்கும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால், அந்த நிறுவனம் குருகிராமில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019 சட்டம் உரிமை தந்திருக்கிறது. நமக்கு அது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை; செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். டிக்கெட், பில், போர்டிங் பாஸ், உலா நிறுவனம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, கேட் மூடியபின் விமான நிறுவனம் எழுதிக் கொடுத்த தாள் ஆகிய அனைத்தையும் அதுவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.