முடியப்புவும் ஸ்தேபானுஸும் ஒருவரே

எமது கரையோரச் சேமக்காலைகளில் பழைய கல்லறைகள் அதிகம் தென்படுவதில்லை. கல் வைக்க வசதியிருந்தவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு மரச்சிலுவைதான், உப்புக்காற்றும் கறையானும் சில வருடங்களில் அதைத் தின்றுவிடும். அதற்குமேல் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். கல்முனை தொடக்கம் அறுகம்பே வரை வீடுகளோடு காணி உறுதி, பேமிற், பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாம் கடலோடு போயின. போரில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல இவற்றை அதற்கு முன்னரே இழந்திருந்தன. பொத்துவிலுக்கு அருகே கனகர் கிராமத்து மக்கள் 1990இல் ஊரைவிட்டு வெளியேறியவர்கள். 2018இல் தங்கள் காணியைக் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்து போராடினார்கள்.

காணிக்கு விண்ணப்பிக்கப் போகும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி எளிதானது: "பேமிற்காரர் உங்களுக்கு யார்?" பேரன் என்று வாயால் சொன்னால் போதாது. அவர் எப்போது இறந்தார், மனைவி அவருக்கு முன் இறந்தாரா பின் இறந்தாரா, பிள்ளைகள் யார் என்றெல்லாம் காட்டவேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட காணியில், பின்னுரித்தாளர் பெயர் எழுதப்படாவிட்டால் வாழ்க்கைத் துணைக்கு ஆயுள்வரை அனுபவ உரிமை உண்டு. அதன் பின்னரே பிள்ளைகள். (அப்பிள்ளைகளுள் ஆணுக்கு முன்னிடம் கொடுத்த வரிசை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை இருந்தது. பெண் வழியாகவே குடியும் வளவும் இறங்கிவரும் எமது கிழக்கு மாகாணத்தில் அது எவ்வளவு பொருந்தாத வரிசை என்பதைச் சொல்லத் தேவையில்லை.) ஆகவே யார் எப்போது அடக்கம் செய்யப்பட்டார் என்பது வெறும் குடும்பக் கதையல்ல, காணியின் கதையும் கூட.

இங்கேதான் பங்கின் மரணப் பதிவேடு உதவுகிறது. ஞானஸ்நானத்துக்கும் விவாகத்துக்கும் ஏடு வைக்கவேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் கட்டளையிட்டது. மரித்தோருக்கும் ஏடு வேண்டும் என்பது 1614ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூலில் வந்தது. இலங்கையில் அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது 1867இல். அது கட்டாயமானது 1897இல்தான். கட்டாயமான பிறகும் தூரத்துக் குடியிருப்புகளில் எத்தனையோ மரணங்கள் பதிவாளரிடம் போய்ச்சேரவில்லை. அடக்கத்துக்குச் சுவாமி வந்திருந்தால், அல்லது உபதேசியார் செய்தி அனுப்பியிருந்தால், ஏட்டில் நாலு வரியாவது இருக்கும்.

ஆனால் அந்த நாலு வரியைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு: பெயர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்னைய ஏடுகள் பெரும்பாலும் இலத்தீனில் எழுதப்பட்டவை. வீட்டில் வழங்கிய பெயரோ தமிழ். பழைய மிசனறிமார் புனிதர்களின் பெயர்களை ஒலியால் அல்ல, பொருளால் தமிழாக்கினார்கள். ஸ்தேபானுஸ் என்றால் கிரேக்கத்தில் முடி, ஆகவே முடியப்பர். பவுலுஸ் என்றால் இலத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் அருளப்பரானார், பேதுரு இராயப்பரானார், அந்திரேயா பெலவேந்திரரானார். யாக்கோபு மட்டும் போர்த்துக்கேய ஒலியில் சந்தியாகு என்று நின்றுவிட்டார். பின்னர் காற்று மாறியது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் பேதுரு, பவுல், யோவான், ஸ்தேவான் என்றே காண்கிறோம். இன்றைய பிள்ளைக்கு முடியப்பு யார் என்று தெரியாது. ஆங்கிலத்தில் எழுதிய பழைய பதிவாளர் அவரை ஸ்டீபன் ஆக்கியிருப்பார். பேமிற்றில் முடியப்பு, மகளின் பிறப்புப் பத்திரத்தில் ஸ்டீபன், மரண ஏட்டில் ஸ்தேபானுஸ். ஒரே மனிதர் மூவராகி நிற்கிறார்.

எப்படி அவிழ்ப்பது? விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். பேமிற் 'இராயப்பு முடியப்பு' பெயரில் இருக்கிறது. மகள் சொல்கிறார்: "சுவாமி, அப்பா சூறாவளி வருசந்தான் செத்தவர்." அதாவது 1978. அந்த வருட ஏட்டில் பெயர் இல்லை. அடுத்த வருடத்திலும் இல்லை. பலர் இந்த இடத்தில் மனம் சோர்ந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

போகவேண்டாம். தாயைத் தேடுங்கள். 1971ஆம் ஆண்டுப் பக்கத்தில், தமிழில், 'அன்னம்மா, முடியப்புவின் கைம்பெண்' என்று ஒரு பதிவு கிடைக்கிறது. ஒரு சொல்லில் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. 1971இல் அவர் கைம்பெண் என்றால், கணவர் அதற்கு முன்னரே இறந்துவிட்டார். மகளின் நினைவு பொய்யல்ல, இடம் மாறிவிட்டது. வீட்டைப் புரட்டிய பெரிய அழிவு ஒன்று நினைவில் நிற்கும், எது என்பது மறந்துபோகும். 1978 சூறாவளிக்கு முன் இந்தக் கரையை 1957 டிசம்பர் வெள்ளம் அழித்தது அல்லவா? 1958ஆம் ஆண்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். இலத்தீனில்: 'ஸ்தேபானுஸ், பேத்ருஸின் மகன், அன்னாவின் கணவர், வயது ஏறக்குறைய அறுபது.'

இத்தோடு சந்தோஷப்பட்டு நின்றுவிடக்கூடாது. அதே ஊரில் பேத்ருஸின் மகன் ஸ்தேபானுஸ் இன்னொருவரும் இருக்கலாம். எமது ஊர்களில் அது சாதாரணம். அதனால் விவாக ஏட்டுக்குப் போகவேண்டும். மணமகள் பெயர், இருவரின் பெற்றோர், சாட்சிகள் அங்கே உண்டு. 1908இலிருந்து திருமணத்தை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்கவேண்டும் என்ற திருச்சபைச் சட்டம் இருக்கிறது. ஆகவே முடியப்பு 1908க்குப் பிறகு மணம் முடித்தவரானால், அவரது ஞானஸ்நானப் பக்கத்தின் ஓரத்தில் அன்னாவின் பெயர் இருக்கக்கூடும். இருந்தால் முடிச்சு அவிழ்ந்தது. மற்றைய ஸ்தேபானுஸின் மனைவி வேறொருத்தியாக இருப்பாள்.

வயதை மட்டும் நம்பவேண்டாம். 'ஏறக்குறைய' என்று எழுதினால் அது சுவாமியின் கண்மதிப்பு. பத்து வருடம் கூடக்குறைய இருக்கலாம். பெண்களின் பதிவில் சில இடங்களில் தகப்பன் பெயரும் சில இடங்களில் கணவன் பெயரும் இருக்கும். இரண்டையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

ஏடு எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இன்று சிறு ஆலயமாக உள்ள இடம் அன்று வேறொரு பங்கின் கிளையாக இருந்திருக்கும். அப்படியானால் தாய்ப்பங்கின் ஏட்டில்தான் பதிவு. எமது பகுதி 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்தில் இருந்தது. மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இல். அரசாங்கப் பதிவுகளைத் தேடுகிறவர்களும் அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான் என்பதை நினைவில் வைத்து, அதற்கு முந்தியவற்றுக்கு மட்டக்களப்பிலும் விசாரியுங்கள்.

கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களும் இதே வழியைப் பின்பற்றலாம். முஸ்லிம் சகோதரர்களின் மையவாடியில் மீசான் கட்டையில் பெயர் இராது. ஆனால் விவாகப் பதிவில் மணமகளின் தகப்பன் பெயர் உண்டு. பாடசாலைச் சேர்வு இடாப்பு, பழைய தேர்தல் இடாப்பு இரண்டும் எல்லோருக்கும் பொதுவானவை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. "ஏட்டில் பெயர் இல்லையென்றால் நீங்களே எழுதிவிடுங்கள் சுவாமி" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் துயரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒரு பொய்ப் பதிவு வெளிப்பட்டால் அந்த ஏட்டிலுள்ள உண்மையான பதிவுகளையும் எந்த அலுவலகமும் நம்பாது. அதை நம்பியிருக்கும் மற்றக் குடும்பங்கள் எங்கே போவார்கள்? பங்குத்தந்தை தரக்கூடியது ஏட்டில் உள்ளபடியான பிரதி ஒன்றுதான். அது அரசாங்க மரண அத்தாட்சிப் பத்திரத்துக்குப் பதிலாகாது. சான்றாகச் சேர்த்துக் கொடுக்கலாம். பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக் கடதாசி ஒன்றும் முடிக்கவேண்டி வரலாம். பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைவீட்டுக்கு வருமுன் வீட்டில் வயதானவர்களிடம் உட்கார்ந்து, பாட்டன் பாட்டியின் வீட்டுப்பெயர், ஞானஸ்நானப் பெயர், பட்டப்பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். செத்த வருடம் தெரியாவிட்டால் வெள்ளத்துக்கு முன்னா பின்னா, சூறாவளிக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். யார் அடக்கத்துக்கு வந்தார்கள், எந்தச் சேமக்காலை, பெட்டியைத் தோணியில் கொண்டுபோனார்களா வண்டிலிலா என்பதையும் எழுதுங்கள். தோணியில் என்றால் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள பங்கின் ஏட்டை முதலில் பார்க்கலாம்.