ஒரே செடியின் நகலாக ஒரு மலை

இலங்கையின் ஊவாத் தோட்டங்களில் இரண்டு விதமான தேயிலை மலைகள் உண்டு. வெள்ளைக்காரர் காலத்து விதைத் தேயிலை மலையில் ஒரு செடியைப் போல் இன்னொன்று இருக்காது. ஒன்றின் இலை அகலம், பக்கத்துச் செடியின் இலை ஒடுக்கம். ஒன்று இளம்பச்சை, மற்றது கரும்பச்சை. விதையில்லாமல் கிளைத் துண்டுகளிலிருந்து வளர்த்த வீ.பி. தேயிலை மலையோ நிரை நிரையாக ஒரே நிறம், ஒரே இலை. கொழுந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும்.

காரணம் நாற்றுமேடையில் இருக்கிறது. தாய்ச்செடியின் கிளையை வெட்டி, ஓர் இலையும் அதன் கீழே சிறு தண்டும் உள்ள துண்டுகளாக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஊன்றி நிழலில் வைக்கிறார்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களில் அது மலைக்குப் போகத் தயார். இதில் பூ இல்லை, விதை இல்லை, தாய் தகப்பன் கலப்பு இல்லை. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் வெளியிட்ட டீ.ஆர்.ஐ. 2025 (இது ஆண்டல்ல, வகையின் இலக்கம்) நாட்டில் எத்தனையோ தோட்டங்களில் நிற்கிறது. அவை அத்தனையும் தெரிந்தெடுத்த ஒரேயொரு செடியிலிருந்து வந்தவை. அந்தச் செடியின் டீ.என்.ஏ. இத்தனை கலப்பிரிவுகளைத் தாண்டி எப்படிக் குலையாமல் வந்து சேர்ந்தது?

தேயிலைக் கலத்தில் 30 நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி டீ.என்.ஏ. எழுத்துகள்; மனிதருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு தொகுதிகள் இருப்பதால், ஒரு கலம் இரண்டாகும் ஒவ்வொரு முறையும் 600 கோடி எழுத்துகளைப் பிரதி எடுக்க வேண்டும். இரட்டை இழை பிரிகிறது. பழைய இழை ஒவ்வொன்றும் புதிய இழைக்கு அச்சாகிறது. அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைற்றோசின். எழுத்துகளைப் பொருத்தும் வேலை டீ.என்.ஏ. பொலிமரேஸ் என்ற நொதியத்துக்கு உரியது. அது ஏறக்குறைய ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு தடவை தவறுகிறது. அப்படியே விட்டால் ஒரு கலப்பிரிவுக்கு 60,000 பிழைகள்!

விடுவதில்லை. தப்பான எழுத்து எதிர் எழுத்தோடு சரியாக ஒட்டாது. இழையின் நுனி தளரும், நொதியத்தின் வேகம் குறையும். அந்தத் தளர்ந்த நுனி அதே நொதியத்தின் இன்னொரு பகுதிக்குள் நகர்கிறது. அங்கே கடைசி எழுத்து வெட்டப்படுகிறது. நுனி திரும்பி வந்து மறுபடி எழுதப்படுகிறது. இதனால் பிழை நூறில் ஒரு பங்காகி, சுமார் 600 எஞ்சும்.

அடுத்த கட்டம்தான் எனக்குப் பெரும் வியப்பு. பிரதி எடுத்து முடிந்த பகுதியை வேறு புரதங்கள் சோதிக்கின்றன. குவானினுக்கு எதிரே தைமின் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே முறையான எழுத்துகள். எதை நீக்குவது? மாற்றி நீக்கினால் பிழை நிரந்தரமாகிவிடும். புதிய இழையில் இன்னும் ஒட்டப்படாத வெட்டுகள் இருக்கும். அவைதான் எது புதியது என்று காட்டிக்கொடுக்கின்றன. அந்தப் புரதங்கள் புதிய இழையில் பிழையுள்ள துண்டை நீக்கிவிட்டு மறுபடி நிரப்புகின்றன. இந்த வேலையின் நுட்பத்தை பக்டீரியாவில் விளக்கிய போல் மொட்ரிச், டீ.என்.ஏ. திருத்தத்தை ஆராய்ந்த தோமஸ் லின்டால், அசீஸ் சஞ்சார் ஆகியோருடன் 2015 இல் வேதியியல் நொபெல் பரிசு பெற்றார். மூன்று கட்டமும் முடிந்தபின் எஞ்சுவது ஒரு சில பிழைகள், அல்லது அதுவும் இல்லை.

பிரதி எடுக்காத நேரத்திலும் கேடு வரும். நாள் முழுதும் வெயிலில் நிற்கும் கொழுந்தில் கழியூதாக் கதிர் பட்டால் பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். தாவரங்களிடம் போட்டோலயேஸ் என்ற நொதியம் உண்டு. அது நீல ஒளியின் சக்தியைக் கொண்டே அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. அதே வெயிலில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் தோலில் அந்த நொதியம் கிடையாது. அவருடைய கலங்கள் கெட்ட துண்டை வெட்டியெடுத்து, புதிதாக நிரப்பித்தான் சமாளிக்கின்றன.

தாவரம் எவ்வளவு சுத்தமாகப் பிரதி எடுக்கிறது என்பதற்கு சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்து ஓக் மரம் ஒன்று சான்று. 234 வயதான அந்த மரத்தின் இரண்டு கிளைகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், 2017 இல் உறுதிசெய்து வெளியிட்ட எழுத்து மாற்றங்கள் வெறும் 17.

வீ.பி. தேயிலையின் பலமும் ஆபத்தும் இங்கேதான். தாய்ச்செடியின் விளைச்சலும் ருசியும் மாறாமல் வரும். தாய்ச்செடியை வீழ்த்தும் நோய்க்கு அந்த மலை முழுவதும் வழிவிடும். செடிகள் தாமாக வேறுபட்டுத் தப்பிக்கும் என்று காத்திருக்க முடியாது. திருத்தும் நொதியங்கள் அதற்கு இடம்தருவதில்லை. ஒரேமாதிரிச் செடிகளின் ஆபத்துக்குக் கோப்பியே உதாரணம். கோப்பித் துரு நோய் இலங்கையில் முதன்முதலில் தென்பட்டது பதுளை மாவட்டத்து மடுல்சீமையில்தான், 1869 இல். தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கும் அரேபிக்கா கோப்பியில் செடிக்குச் செடி வேறுபாடு மிகக் குறைவு. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் படுத்துவிட்டது.

தேயிலை அப்படியல்ல, பெரும்பாலும் வேறொரு செடியின் மகரந்தத்தில்தான் விதை பிடிக்கும். எனவே விதைத் தேயிலை மலையில் நிற்கும் ஒவ்வொரு செடியும் தனி வகை. அந்த மலைகளில் விளைச்சல் குறைவு என்பது உண்மை. கிலோ சேராவிட்டால் அரைப்பேர்தான் (பாதி நாள் சம்பளம்) விழும் என்பதால் தொழிலாளருக்கும் அவை பிடிப்பதில்லை. நிர்வாகம் அவற்றைப் பிடுங்கி வீ.பி. நடுவதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பிடுங்குவதற்கு முன், ஊவாவின் வரட்சியிலும் காய்ந்துபோகாத செடி எது, கொப்புள நோய் தொடாத செடி எது என்று வருடக்கணக்கில் அந்த மலையில் கொழுந்து பறித்த பெண்களிடம் கேட்கவேண்டும். அந்தச் செடிகளிலிருந்து துண்டெடுத்து வளர்க்கவேண்டும். பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் நிலையம் இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தோட்ட நிர்வாகங்கள் இவற்றோடு சேர்ந்து இந்த வேலையை விதைத் தேயிலை மிஞ்சியிருக்கும்போதே தொடங்கவேண்டும்.